ஆற்றுக்குள் யார் குடியிருக்கிறார்கள்? தாமிரபரணிக் கரையில் ஒரு நாள் பாடம்

வகுப்பறைக்கு வெளியே

நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, 'ஆறு வரை' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், அங்கிருந்து வளைந்து வரும் நீலக் கோடு, ஒரு படகு, இரண்டு தென்னை மரம். ஆறு முடிந்தது. 'அந்தத் தண்ணீருக்குள்ள யாரு இருக்கா?' என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு மீனைச் சேர்ப்பார்கள். பெரும்பாலும் அது மீன்தொட்டியில் பார்த்த தங்க மீனாக இருக்கும்.

ஆறே இல்லாத ஊர்ப் பிள்ளைகள் இப்படி வரைந்தால் ஆச்சரியமில்லை. ஆற்றங்கரையிலேயே பிறந்து, ஆற்றுத் தண்ணீரையே குடித்து வளரும் திருநெல்வேலிப் பிள்ளைகளும் இதையேதான் வரைகிறார்கள். அவர்களுக்குத் தாமிரபரணி என்பது காலையில் குழாயில் வரும் தண்ணீர். பள்ளி வேன் பாலத்தைக் கடக்கும்போது ஜன்னல் வழியே அரை நிமிடம் தெரியும் காட்சி. வீட்டில் பெரியவர்கள் சொல்லும் ஒரு எச்சரிக்கை: "ஆத்துப் பக்கம் போகக் கூடாது, கேட்டியா?"

அந்த எச்சரிக்கையில் தவறில்லை. உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 5 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. விடுமுறை நாளில் குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வராத செய்தியைப் படிக்கும் எந்தப் பெற்றோருக்கும் ஆறு என்றாலே வயிற்றில் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால், 'போகாதே' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டால் இரண்டு இழப்பு. ஆறு எங்கே ஆழம், எப்போது ஆபத்து என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. அந்த ஆறு மெல்ல மெல்லக் கெட்டுப்போவதும் தெரியாமல் போகிறது. பார்க்காத ஒன்று காணாமல் போனால் யார் தேடுவார்கள்?

பள்ளிச் சுற்றுலா என்றால் நீச்சல்குளம் வைத்த பொழுதுபோக்குப் பூங்கா, இல்லாவிட்டால் உயிரியல் பூங்கா என்று ஆகிவிட்ட காலம் இது. பெரிய செலவு இல்லாமல், ஒரே நாளில், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளை ஆற்றங்கரைக்குப் பத்திரமாகக் கூட்டிப் போய் வர முடியும். போவது குளிக்க அல்ல, பார்க்க. அங்கே என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்த வாரத் தொகுப்பு.

ஏன் தாமிரபரணி?

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, தூத்துக்குடி மாவட்டம் புன்னக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது தாமிரபரணி. பிறப்பதும் தமிழ்நாட்டில், கடலில் சேர்வதும் தமிழ்நாட்டில். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இந்த ஆற்றுக்குத் தண்ணீர் தருகின்றன. அதனால்தான் இதை வற்றாத ஜீவநதி என்கிறார்கள்.

ஆறு பிறக்கும் மலைப்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மலையிலிருந்து இறங்கியதும் மணிமுத்தாறு, கடனா நதி, பச்சையாறு, சிற்றாறு என்று துணை ஆறுகள் வந்து சேர்கின்றன. கோடைமேலழகியானில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை 8 அணைக்கட்டுகள் இந்தத் தண்ணீரை வாய்க்கால்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. சுமார் 86,000 ஏக்கர் நிலம் இதை நம்பி இருக்கிறது. பல லட்சம் பேருக்குக் குடிநீரும் இதுவே.

பாடப்புத்தகம் பெரும்பாலும் இந்த இடத்தோடு நின்றுவிடும். நீளம் எவ்வளவு, துணை ஆறுகள் எவை, பாசனப் பரப்பு எவ்வளவு? எல்லாமே மனிதருக்கு என்ன கிடைக்கிறது என்ற கணக்கு. களப்பயணத்தில் கேட்க வேண்டியது வேறு கேள்வி: இந்த ஆறு யார் யாருக்கு வீடு?

ஒரு சின்ன உதாரணம். தாமிரபரணியிலும் அதன் துணை ஆறுகளிலும் மட்டுமே வாழும் ஒரு சிறிய கெண்டை இன மீன் உண்டு. 1954-ல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர், பெயரிலேயே ஆற்றைச் சேர்த்துவிட்டார்: 'தாம்பரபர்ணியேய்'. உலகில் வேறு எந்த ஆற்றுக்குப் போய்த் தேடினாலும் அது கிடைக்காது. இப்போது அது அழியும் ஆபத்தில் உள்ள மீன்களில் ஒன்று. "நம்ம ஊரு பேருல ஒரு மீனா!" என்று பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள். அந்த நொடியில் ஆறு பாடமாக இல்லாமல் சொந்தமாகிவிடும்.

முதல் நிறுத்தம்: மருத மரத்தடி

திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளுக்கு ஒரு நல்ல இடம், வீரவநல்லூருக்கு அருகே ஆற்றங்கரையில் இருக்கும் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலுக்கும் அதன் கோபுரத்துக்குள் இருக்கும் பழைய ஓவியங்களுக்கும் பெயர்பெற்ற ஊர். இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. இங்குள்ள பறவைகளின் இருப்பிடம் 2005-ல் பறவைகள் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 3 ஹெக்டேருக்கும் குறைவு. வேலி போட்டு ஊரை வெளியே தள்ளிய சரணாலயம் அல்ல இது. ஊருக்குள் ஊராகவே பறவைகளும் இருக்கின்றன.

கூடு கட்டும் காலத்தில் போனால், ஆற்றங்கரையின் பெரிய மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் அடைந்திருப்பதைப் பார்க்கலாம். இங்கே பிள்ளைகளுக்கு முதல் வேலை, 5 நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்பது. அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஒரு வகுப்பு முழுவதும் 5 நிமிடம் சும்மா இருப்பது லேசான காரியமில்லை. சத்தம் அடங்கிய பிறகுதான் ஆறு பேச ஆரம்பிக்கும். தண்ணீர் கல்லில் மோதும் ஓசை ஒன்று, கரையில் இலை உரசும் ஓசை ஒன்று, மேலே குஞ்சுகள் கத்தும் ஓசை ஒன்று. காதில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு கோடு போடச் சொன்னால், கடைசியில் யார் அதிகம் கேட்டார்கள் என்று பெரிய போட்டியே நடக்கும்.

பிறகு மரத்தைப் பார்க்கலாம். மருத மரத்தின் வேர் கரை மண்ணை இறுகப் பிடித்துக்கொள்கிறது. வெள்ளம் வரும்போது கரை சரியாமல் தடுப்பதில் அந்த வேர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. தண்ணீருக்குள் நீளும் வேர் இடுக்குகளில் சின்ன மீன்கள் ஒளிந்துகொள்கின்றன. கிளையில் நாரைக் கூடு. கூட்டிலிருந்து விழும் எச்சம் தண்ணீரில் கலந்து பாசிக்கு உரமாகிறது. பாசியைச் சின்ன மீன் தின்கிறது, சின்ன மீனை நாரை தின்கிறது. 'உணவுச் சங்கிலி' என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டு நடத்தும் பாடம், இங்கே ஒரே மரத்தில் மேலிருந்து கீழாகத் தெரியும்.

ஒரே ஆறு, ஐந்து வீடுகள்

ஆறு என்றால் எல்லா இடமும் ஒன்றுபோல இருக்கும் என்றுதான் பிள்ளைகள் நினைக்கிறார்கள். கரையோரம் 200 மீட்டர் நடந்தாலே அது மாறும். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கேள்வி வைத்துக்கொள்ளலாம்: இங்கே குடியிருக்க என்ன வசதி வேண்டும்?

சலசலவென்று கல்லில் மோதி ஓடும் இடம் முதல் வீடு. தண்ணீர் துள்ளித் துள்ளி ஓடுவதால் காற்று நன்றாகக் கலக்கிறது. மூச்சுவிட நல்ல இடம். ஆனால் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் இங்கே வாழும் பூச்சிகளுக்குத் தட்டையான உடம்பும், கல்லைப் பிடித்துக்கொள்ளும் நகமும் இருக்கும்.

மடு இரண்டாவது வீடு. ஆழமாக, அமைதியாகத் தெரியும் இடம். கோடையில் மற்ற இடம் வற்றும்போது மீன்களுக்கு அடைக்கலம் இதுதான். மனிதர்களுக்கு அதிக ஆபத்தும் இங்கேதான். 'தண்ணி அசையாம இருக்குன்னா ஆழம் இல்லைன்னு அர்த்தம் இல்ல' என்பதைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டிச் சொல்வதுபோல ஒரு பாடம் கிடையாது.

மணல் திட்டு மூன்றாவது. வெறும் மணல்தானே என்று தோன்றும். ஆட்காட்டிக் குருவி இப்படிப்பட்ட திறந்த தரையில்தான் முட்டையிடும். முட்டை கூழாங்கல் நிறத்திலேயே இருப்பதால் காலுக்குப் பக்கத்தில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. குருவி தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தினால், 'என் வீட்டை மிதிச்சிடாத' என்று அர்த்தம். உடனே வந்த வழியே திரும்பிவிட வேண்டும். ஆற்று மணலை அள்ளிக்கொண்டு போனால் போவது மணல் மட்டுமல்ல என்பதை, இந்த இடத்தில் யாரும் விளக்கவே வேண்டியதில்லை.

நாணலும் கோரையும் அடர்ந்த ஓரம் நான்காவது. தட்டான்கள் வந்து உட்காரும், தவளைகள் ஒளியும், மீன் குஞ்சுகள் வேகமான நீரோட்டத்திலிருந்து தப்பி வளரும்.

செங்குத்தான மண் கரை ஐந்தாவது. அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை தெரிந்தால், அது மீன்கொத்தியின் வீடாக இருக்கலாம். மீன்கொத்தி மரத்தில் கூடு கட்டுவதில்லை. மண் கரையைக் குடைந்து உள்ளே முட்டையிடுகிறது. கரை முழுக்க சிமென்ட் பூசிவிட்டால் அது எங்கே போகும் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பெரியவர்கள்தான் பதில் வைத்திருக்க வேண்டும்.

கல்லுக்கு அடியில்

நாளின் சுவாரசியமான பகுதி இதுதான். தேவையான சாமான்கள்: வெள்ளை நிற ஐஸ்கிரீம் டப்பா, டீ வடிகட்டி, மெல்லிய பெயின்ட் பிரஷ், ஒரு பூதக்கண்ணாடி. கடையில் வாங்க வேண்டியது பூதக்கண்ணாடி ஒன்றுதான்.

கணுக்கால் அளவு தண்ணீரில் கிடக்கும் உள்ளங்கை அளவுக் கல்லை ஆசிரியர் எடுத்து, அடிப்பக்கத்தை டப்பாவுக்குள் பிரஷால் மெல்லத் தட்டிவிட வேண்டும். டப்பாவில் கொஞ்சம் ஆற்றுத் தண்ணீர் இருக்கட்டும். முதலில் வெறும் மண்ணும் இலைத்தூளும்தான் தெரியும். ஒரு நிமிடம் பொறுத்தால் அந்தத் தூளில் சில, நடக்க ஆரம்பிக்கும்.

வாலில் மூன்று நூல் நீண்டு, வயிற்றின் இரு பக்கமும் சின்னச் சின்ன இதழ்போல எதையோ அசைத்துக்கொண்டிருக்கிறதா? அது மேஃப்ளை என்ற பூச்சியின் இளம்பருவம். அசைவது அதன் செவுள். பல மாதங்கள் தண்ணீருக்குள் வளர்ந்து, சிறகு முளைத்து வெளியே வந்தபின் இந்தப் பூச்சி வாழ்வது சில மணி நேரம், போனால் ஓரிரு நாள். அந்தப் பருவத்தில் அது சாப்பிடுவதே இல்லை. அதற்கேற்ற வாயும் இல்லை. "சாப்பிடவே சாப்பிடாதா டீச்சர்?" என்று மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு யாராவது கேட்பார்கள்.

மணல் துகள்களை ஒட்டிச் செய்த குழாய் ஒன்று தானாக நகர்கிறதா? அது கேடிஸ்ஃப்ளை புழு. வாயிலிருந்து வரும் பட்டு நூலால் மணலையும் இலைத்துண்டையும் ஒட்டித் தனக்கு வீடு கட்டிக்கொள்கிறது. போகுமிடமெல்லாம் வீட்டையும் இழுத்துக்கொண்டு போகும்.

கண் பெரிதாக, உடம்பு குட்டையாக, ஊர்ந்து வரும் முரட்டு உருவம் தட்டானின் இளம்பருவம். முகத்துக்குக் கீழே மடித்து வைத்திருக்கும் தாடையைச் சட்டென்று நீட்டி இரையைப் பிடிக்கும். கொசுப் புழுக்களையும் விட்டுவைக்காது. அது மூச்சுவிடுவது பின்புறத்தால். ஆபத்து வந்தால் அதே வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி ராக்கெட்போல முன்னால் பாயும். இதைச் சொன்னதும் வகுப்பு முழுவதும் சிரிக்கும். சிரித்து முடித்த பிறகும் அந்தப் பாடம் மறக்காது.

பார்த்து முடித்ததும் ஒவ்வொன்றையும் எடுத்த இடத்திலேயே விட வேண்டும். கல்லையும் எடுத்தபடியே கவிழ்த்து வைக்க வேண்டும். நமக்கு அது கல். அவற்றுக்கு அது கூரை.

பூச்சிகள் போடும் மார்க்

பிள்ளைகளுக்குப் பூச்சி பார்ப்பது வேடிக்கை. ஆனால், ஆற்றுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று சொல்லும் சோதனையும் அதுவே.

மேஃப்ளை, கேடிஸ்ஃப்ளை வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் நிறைந்த சுத்தமான தண்ணீர் வேண்டும். கழிவு கலந்தால் முதலில் காணாமல் போவது அவைதான். தட்டான் குஞ்சும் நத்தையும் ஓரளவு சமாளிக்கும். கழிவுநீர்ச் சேற்றில்கூடப் பெருகுபவை நூல்போன்ற சிவப்புப் புழுக்கள். அவை ஏன் சிவப்பு? நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் அவற்றின் உடம்பிலும் இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் இருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ள அது உதவுகிறது.

ஆகவே, சுத்த நீர்ப் பூச்சிக்கு 3 மார்க், நடுத்தரத்துக்கு 2, சிவப்புப் புழுவுக்கு 1 என்று வைத்துக்கொண்டு பிள்ளைகளே ஆற்றுக்கு மார்க் போடலாம். வளர்ந்த நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் செய்யும் இந்த வேலையின் பெரிய வடிவத்தை விஞ்ஞானிகளும் செய்கிறார்கள். நம் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் நீரின் தரத்தைப் பார்க்க உயிரினங்களை வைத்து ஓர் அளவுகோல் வகுத்திருக்கிறது. ஒரு நாள் ஒரு கல்லைப் புரட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. மழை, வெயில், நீரோட்டம் எல்லாம் இந்தக் கணக்கை மாற்றும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்பதையும் பிள்ளைகள் இதில் கற்றுக்கொள்வார்கள்.

மதியச் சாப்பாடு முடிந்து ஊர் திரும்பும் வழியில், திருநெல்வேலி நகரத்தில் குறுக்குத்துறைப் படித்துறையில் ஒரு நிறுத்தம் போடலாம். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் முருகன் கோயில் இருக்கும் இடம் அது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும், வடிந்தால் மீண்டும் பூஜை நடக்கும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 94 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நாள்கள் பல பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். 'ஆத்துக்கும் இடம் வேணும். நாம கொடுக்கலைன்னா அதுவே எடுத்துக்கும்' என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

இங்கே படியில் நின்றபடியே, ஆசிரியர் எடுத்துத் தரும் நீரைப் பார்க்கலாம். காலையில் பிடித்த பாட்டிலையும் இப்போது பிடித்த பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அரை மணி நேரம் அசையாமல் விட்டால் அடியில் என்ன படிகிறது? நிறம் என்ன? இரண்டு பாட்டிலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பதிலை ஆசிரியர் சொல்லக் கூடாது. பிள்ளைகள் படித்துறையைச் சுற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்.

ஆற்றில் போடுவது எங்கே போகிறது?

கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகாது. ஷாம்பு பாக்கெட், சோப்பு உறை, பிளாஸ்டிக் பை, பழைய துணி என்று எல்லாம் கண்முன்னேயே கிடக்கும். பாபநாசத்தில் சடங்கு முடித்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றிலேயே விட்டுவிடும் வழக்கம் இன்னும் நிற்கவில்லை. தன்னார்வலர்கள் இறங்கி டன் கணக்கில் துணி அள்ளும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. அந்தத் துணி கல்லை மூடினால், காலையில் பார்த்த மேஃப்ளை குஞ்சு எங்கே ஒட்டிக்கொள்ளும்?

ஓரத்தில் பச்சைக் கம்பளம்போலப் பரந்திருக்கும் அமலைச்செடி, அதாவது ஆகாயத்தாமரை, பார்க்க அழகாக இருக்கும். பூவும் அழகு. ஆனால் அது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை அடைத்துக்கொண்ட செடி. கழிவுநீரில் இருக்கும் சத்தைத் தின்று கொழுக்கும். அது மூடிய இடத்தில் வெளிச்சமும் காற்றும் தண்ணீருக்குள் போவது குறைந்துவிடும். 'இந்தச் செடி இங்க நிறைய இருக்கே, மேல ஏன் இவ்வளவு இல்ல?' என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அந்தப் பயணம் வெற்றி.

2018-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தயாரித்த மாசடைந்த ஆற்றுப் பகுதிகளின் பட்டியலில் காவிரி, பவானியோடு தாமிரபரணியும் இருந்தது. இதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தத் தேவையில்லை. சாக்கடையை ஆற்றில் விட்டது அவர்கள் அல்ல. நான்காம் வகுப்புப் பிள்ளை தலையில் ஆற்றைக் காப்பாற்றும் பாரத்தை ஏற்றுவதும் நியாயமில்லை. அவர்கள் செய்ய வேண்டியது பார்ப்பதும் எழுதுவதும்தான். அதைப் படித்துவிட்டு வெட்கப்பட வேண்டியது வளர்ந்தவர்கள்.

கூட்டிப் போகும் முன்

பயணம் இனிமையாக முடிய, சில விஷயங்களில் சமரசமே கூடாது.

* ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வெள்ளம் வடிந்திருக்கும், பறவைகளும் இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம்.
* மழை ஆற்றங்கரையில் பெய்ய வேண்டும் என்பதில்லை. மலையில் பெய்தாலோ, அணையில் தண்ணீர் திறந்தாலோ கீழே நீர்மட்டம் திடீரென்று உயரும். கிளம்பும் அன்று காலையில் இதை விசாரித்துவிட்டே புறப்பட வேண்டும்.
* ஆசிரியர்கள் முதல் நாளே போய் இடத்தைப் பார்த்து வர வேண்டும். எது ஆழம், எங்கே வழுக்கும் என்று உள்ளூர்க்காரர்களைக் கேட்க வேண்டும். அந்த ஊர்க்காரர் ஒருவர், நீச்சல் தெரிந்தவராக, நாள் முழுவதும் உடன் இருப்பது நல்லது.
* 5 பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். பிள்ளைகள் கணுக்கால் அளவுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது. குளியல் கிடையாது, இதை வீட்டிலேயே சொல்லி அனுப்ப வேண்டும்.
* நீளமான கயிறு, காற்று நிரப்பிய டியூப், முதலுதவிப் பெட்டி மூன்றும் கரையிலேயே இருக்க வேண்டும், வேனில் அல்ல.
* கை காலில் புண் இருக்கும் பிள்ளை தண்ணீரில் கை வைக்க வேண்டாம். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். அந்தக் கழுவல் ஆற்றில் அல்ல, கரைக்கு வெளியே.
* கூட்டுக்குக் கீழே கூட்டமாக நிற்பது, கைதட்டிப் பறவையை எழுப்புவது, செல்ஃபிக்காக நெருங்குவது எதுவும் கூடாது. பயந்து எழும் தாய்ப்பறவை கூட்டை விட்டால் குஞ்சு வெயிலில் வாடும்.
* பாதுகாப்பகம், காப்புக்காடு போன்ற இடங்களுக்கு வனத்துறையின் அனுமதியும், பயணத்துக்குக் கல்வித்துறையின் அனுமதியும், பெற்றோரின் ஒப்புதல் கடிதமும் அவசியம்.

ஆச்சியிடம் ஒரு கேள்வி

பயணம் முடிந்ததும் 'நான் கண்ட ஆறு' என்று ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொல்வதுதான் வழக்கம். அதற்குப் பதிலாக ஒரு வீட்டுப்பாடம் கொடுத்துப் பார்க்கலாம். நோட்டில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம், இன்று ஆற்றில் பார்த்தவை. வலப்பக்கம், வீட்டில் ஆச்சியோ தாத்தாவோ தங்கள் 8 வயதில் அதே ஆற்றில் பார்த்தவை.

"ஆச்சி, நீ சின்னப் புள்ளையா இருக்கும்போது ஆத்துல என்னெல்லாம் இருந்துச்சு?" இந்த ஒரு கேள்விக்கு எத்தனை வீடுகளில் எத்தனை கதை வரும்! துண்டை விரித்து அயிரை பிடித்தது, கால் விரலைக் கடிக்கும் குட்டி மீன், மணலில் ஊற்று தோண்டித் தண்ணீர் குடித்தது, பால் ஆமை, விரால், இரவில் கரை முழுக்கக் கேட்ட தவளைச் சத்தம். இரண்டு பட்டியலையும் வகுப்பில் சேர்த்து ஒட்டினால், 60 ஆண்டுகளில் என்ன போய்விட்டது, என்ன மிச்சமிருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இது ஏன் முக்கியம்? ஒவ்வொரு தலைமுறையும் தான் முதலில் பார்த்த ஆற்றையே 'இயல்பான ஆறு' என்று நினைத்துக்கொள்கிறது. அமலைச்செடி மூடிய ஆற்றை மட்டும் பார்த்து வளரும் பிள்ளைக்கு அதுதான் ஆறு. அதில் குறை இருப்பதாகவே தோன்றாது. ஆச்சிக்குத் தெரிந்தது பேரப்பிள்ளைக்குத் தெரியாமல் போனால், ஆறு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல ஊரில் ஆள் இருக்க மாட்டார்கள். அளவுகோல் தொலைந்த பிறகு குறைவை எதைக் கொண்டு அளப்பது?

அதனால்தான் ஒரு முறை போய் வந்ததோடு விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என அதே இடம், அதே கேள்விகள், அதே நோட்டு. மூன்றாம் வகுப்பில் தொடங்கினால் ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள் 6 பக்கம் சேர்ந்துவிடும். அடுத்து வரும் வகுப்பு அதே நோட்டைத் தொடரலாம். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 2011-ல் தொடங்கிய இந்த வேலையில் ஆர்வலர்களும் மாணவர்களும் கலந்துகொள்கிறார்கள். இன்றைக்கு நோட்டில் கோடு போடும் பிள்ளைகள், பெரிய வகுப்புக்குப் போனதும் அங்கே போய்ச் சேரலாம்.

தாமிரபரணிதான் வேண்டும் என்பதில்லை. காவிரிக் கரையோ, வைகைக் கரையோ, ஊருக்கு வெளியே போகும் ஓடையோ, வாய்க்காலோ போதும். வறண்டு கிடக்கும் ஆறாக இருந்தாலும் போகலாம். தண்ணீர் இல்லாத ஆற்றில் யார் குடியிருக்கிறார்கள் என்பதும் நல்ல கேள்விதானே.

பள்ளி கூட்டிப் போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் கிடைத்தால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய் வாருங்கள். ஒரு வெள்ளை டப்பாவும் நோட்டும் பென்சிலும் போதும். பிள்ளையின் கையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.